ஒரு பகல் வெனிஸ்: சிக்கனத்தின் பெயரால் ஒரு பிழைக்கணக்கு

இத்தாலியின் வடகிழக்கே, அட்ரியாட்டிக் கடலை ஒட்டிய காயலின் நடுவில், நூற்றுக்கும் மேற்பட்ட சிறு தீவுகளின்மேல் எழுந்த வெனிஸ் நகரைக் குறைந்த செலவில் காண்பது எப்படி என்ற கேள்விக்குப் பயணக் கையேடுகளும் சுற்றுலா முகவர்களும் முன்னே சென்று வந்தவர்களும் ஏறத்தாழ ஒரே விடையையே தருகின்றனர். நகருக்குள் அறை எடுக்க வேண்டாம். பாலத்துக்கு அப்பால் பெருநிலத்திலுள்ள மெஸ்த்ரேயில் தங்கி, காலையில் ரயிலேறிச் சென்று மாலையில் திரும்பினால் போதும். உணவைக் கையோடு கொண்டுபோக வேண்டும். நகரமே ஓர் அருங்காட்சியகம் என்பதால், கட்டணம் கேட்கும் தேவாலயங்களையும் மாளிகைகளையும் வெளியிலிருந்து பார்ப்பதே நிறைவு தரும். ஒரு பகலில் பார்த்து முடிக்கத்தக்க ஊர் அது; மிச்சமாகும் பணத்தையும் நாள்களையும் வேறு நகரங்களுக்கு ஒதுக்கலாம். ஐரோப்பாவின் ஆறேழு நாடுகளைப் பத்துப் பன்னிரண்டு நாள்களில் காட்டித் திரும்பும் இந்தியக் குழுச் சுற்றுலாக்களின் பயணநிரலும் பெரும்பாலும் இந்த விடையின்மேல்தான் அமைக்கப்படுகிறது.

இக்கருத்துக்கு உரிய நியாயத்தை முதலில் சொல்லிவிட வேண்டும். வெனிஸ் செலவுமிக்க நகரம் என்பது உண்மை. கோடையில் அங்குள்ள அறை வாடகை மெஸ்த்ரேயில் உள்ளதைவிடக் கணிசமாகக் கூடுதல் என்பதும் உண்மை. காயலைக் கடக்கும் ரயில்பாலம் 1846-லும் சாலைப்பாலம் 1933-லும் திறக்கப்பட்டபின், மெஸ்த்ரேயிலிருந்து தீவுநகருக்குச் செல்லப் பத்து நிமிடங்களுக்குச் சற்றே கூடுதலான நேரம்தான் ஆகிறது. மெஸ்த்ரே வேற்றூரும் அன்று. அதே நகராட்சியின் பகுதியான பெருநிலத்தில் வாழ்வோர் தீவுநகரில் வாழ்வோரைவிடப் பலமடங்கு மிகுதி. சேமிப்பைத் திரட்டி வாழ்நாளில் ஒருமுறை ஐரோப்பா செல்லும் ஆசிரியரும், உதவித்தொகையில் படிக்கும் மாணவரும் ஒவ்வொரு யூரோவையும் எண்ணிச் செலவிடுவதில் குறைகாண எதுவுமில்லை. அவர்களுக்குச் சிக்கனம் என்று கற்பிக்கப்படுவது சிக்கனமே அன்று என்பதும், அதன் விலையை அவர்களும் அந்நகரில் எஞ்சியுள்ள மக்களும் சேர்ந்து செலுத்துகின்றனர் என்பதுமே இங்கு நிறுவப்பட வேண்டியவை.

1. கணக்கு தவறான இடத்தில் தொடங்குகிறது. இந்தியாவிலிருந்து வெனிஸ் செல்லும் ஒருவர் அந்நகரில் காலடி வைக்கும் முன்பே தம் செலவின் பெரும்பகுதியைச் செய்து முடித்துவிடுகிறார். ஷெங்கன் விசாக் கட்டணம் 2024 ஜூன் முதல் 90 யூரோ. குறைந்தது 30,000 யூரோ வரை மருத்துவச் செலவை ஏற்கும் பயணக் காப்பீடு கட்டாயம். இவற்றுக்குமேல் விமானக் கட்டணம். இத்தொகைகள் எங்கே தங்கினாலும் மாறப்போவதில்லை. எனவே கேட்க வேண்டிய கேள்வி, இரவு வாடகையில் எவ்வளவு குறைந்தது என்பதன்று; இவ்வளவு பணத்தை முன்கூட்டியே செலுத்திவிட்ட ஒருவருக்கு, நகரில் பயனுள்ள ஒரு மணிநேரம் என்ன விலைக்குக் கிடைக்கிறது என்பதே. மெஸ்த்ரேயில் விடுதியிலிருந்து நிலையத்துக்கு நடந்து, ரயிலுக்குக் காத்திருந்து, பாலத்தைக் கடந்து, சாந்தா லூச்சியா நிலையத்தில் இறங்கி, மாற்கு சதுக்கத்தை அடைய மேலும் அரைமணி நேரத்துக்குக் குறையாமல் நடந்து, மாலையில் இதே வழியில் களைத்துத் திரும்பும் ஒருவர் நாளொன்றுக்கு இரண்டு மணிநேரத்துக்கு மேல் இழக்கிறார். அறை வாடகையில் 40 யூரோ மிச்சம் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொண்டாலும், அதற்காக விற்கப்பட்டவை காலையின் முதல் மணிகளும் மாலையின் கடைசி மணிகளும் ஆகும். அவற்றின் மதிப்பு என்ன என்பது அடுத்த மறுப்பில் தெரியவரும்.

நகராட்சியின் படகுக் கட்டணப் பட்டியலும் இந்த அறிவுரைக்கு எதிராகவே சாட்சி சொல்கிறது. வப்போரெத்தோ எனப்படும் பொதுப்படகில் 75 நிமிடங்களுக்குச் செல்லும் ஒற்றைச் சீட்டு, 2025 நிலவரப்படி, 9.50 யூரோ, 24 மணிநேரச் சீட்டு 25 யூரோ, 48 மணிநேரத்துக்கு 35, 72 மணிநேரத்துக்கு 45, ஏழு நாளுக்கு 65. ஒரு நாளில் எல்லாவற்றையும் பார்த்துவிட விரும்புபவர் நாளொன்றுக்கு 25 யூரோ கொடுக்கையில், மூன்று நாள் தங்குபவர் 15 யூரோவும், ஒரு வாரம் தங்குபவர் பத்துக்கும் குறைவாகவும் கொடுக்கின்றனர். அதிலும், காலை பத்து மணிக்கு வாங்கிய 24 மணிநேரச் சீட்டை மாலை ஆறு மணிக்கே பையில் போட்டுக்கொண்டு மெஸ்த்ரேக்குத் திரும்புபவர், விலை கொடுத்து வாங்கியதில் மூன்றில் இரண்டு பங்கைப் பயன்படுத்தாமலே விடுகிறார். நகரில் இரவு தங்குபவருக்கு இச்சீட்டே பல நாள்களுக்குத் தேவைப்படாது என்பது இன்னும் முக்கியம். வண்டிகள் நுழையாத இந்த ஊர் நடந்து கடக்கும் அளவில் சிறியது. அவசரம்தான் படகுச்சீட்டை வாங்க வைக்கிறது, அந்த அவசரத்தை உண்டாக்குவது ஒரு பகல் என்ற வரையறை.

மெஸ்த்ரேயையும் தாண்டி, வாடகை இன்னும் குறைவு என்று பதுவாவிலோ திரெவீசோவிலோ தங்கச் சொல்லும் அறிவுரைக்கு இன்னொரு செலவும் உண்டு. 2024 ஏப்ரல் 25 முதல், குறிப்பிட்ட நாள்களில் பகலில் மட்டும் வந்து செல்வோரிடம் வெனிஸ் நகராட்சி நுழைவுக் கட்டணம் பெறுகிறது. 2025-இல் அத்தகைய நாள்கள் 54. முன்னதாகப் பதிவுசெய்தால் 5 யூரோ, கடைசி நாள்களில் பதிவுசெய்தால் 10 யூரோ. நகராட்சி எல்லைக்குள் இரவு தங்குவோருக்கு, மெஸ்த்ரே உட்பட, விலக்கு உண்டு; வெளியே தங்கும் வெளிநாட்டுப் பயணிக்கு இல்லை. மலிவு விமான நிறுவனங்கள் வெனிஸின் பெயரைச் சேர்த்து விற்கும் திரெவீசோ விமான நிலையமும் தீவுநகரிலிருந்து ஏறக்குறைய 30 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. பேருந்துக்கான பணமும் நேரமும் அந்த மலிவுக் கட்டணத்தோடு கூட்டப்பட வேண்டியவை.

2. காலை பத்து மணிக்கும் மாலை ஐந்து மணிக்கும் இடைப்பட்டதுதான் வெனிஸா? மேற்சொன்ன நுழைவுக் கட்டணம் நாள் முழுவதற்கும் உரியதன்று, காலை 8.30-க்கும் மாலை 4 மணிக்கும் இடையில் நுழைவோருக்கு மட்டும் உரியது. நகரம் எப்போது மூச்சுத் திணறுகிறது என்பதை நகராட்சியே கடிகாரத்தைக் கொண்டு வரையறுத்துச் சொல்லிவிட்டது என்று இதைப் படிக்க வேண்டும். மெஸ்த்ரே அறிவுரை தன் சொல்லைக் கேட்பவரைச் சரியாக அந்த மணிகளுக்குள் கொண்டுபோய் நிறுத்துகிறது. மாற்கு சதுக்கத்துக்கும் ரியால்தோ பாலத்துக்கும் இடைப்பட்ட, இருவர் எதிரெதிரே வந்தால் தோள் உரசும் சந்துகளில் ஆயிரக்கணக்கானோர் ஒரே திசையில் நகரும் நேரம் அது. 2018 வசந்தத்தில் கூட்டத்தைத் திருப்பிவிட ரயில் நிலையப் பக்கத்துப் பாலத்தடியில் தடுப்புக் கதவுகள் வைக்க நேர்ந்ததும், 2024-இல் வழிகாட்டிக் குழுக்களை 25 பேருக்குள் கட்டுப்படுத்தி ஒலிபெருக்கிகளைத் தடைசெய்ய நேர்ந்ததும் இந்த மணிகளின் நெரிசலால்தான்.

பகற்பயணிகள் ரயில் நிலையத்தை நோக்கித் திரும்பத் தொடங்கிய பின்னும், மறுநாள் அவர்கள் வந்துசேரும் முன்னும் இதே நகரம் வேறொன்றாக இருக்கிறது. காலை ஏழு மணிக்கு ரியால்தோ மீன்சந்தைக்குப் படகில் வரும் சரக்கையும், கைவண்டியைப் பாலத்தின் படிகளில் ஏற்றியிறக்கும் சுமைதூக்கிகளையும், பள்ளிக்குச் செல்லும் குழந்தைகளையும், இரவில் பெருங்கால்வாய் வழியே ஏறக்குறைய வெறுமையாகச் செல்லும் 1-ஆம் எண் படகையும் காண்பதற்குக் கட்டணம் ஏதும் தனியாக இல்லை. ஆனால் அவற்றைக் காண அங்கே உறங்கி எழ வேண்டும். நடுப்பகலிலும்கூட, சதுக்கத்திலிருந்து இருபது நிமிடம் கிழக்கே நடந்தால், 1807 வரை நகரின் தலைமைப் பேராலயமாக இருந்து இன்று அமைதியில் நிற்கும் காஸ்தெல்லோவின் பேதுரு ஆலயத்தை அடையலாம். வடக்கே கன்னரெஜோ பகுதியில், 1516-இல் யூதர்களை ஒதுக்கிவைக்க வெனிஸ் குடியரசு வகுத்த சிறு தீவில், இடம் போதாமல் ஏழெட்டு மாடி உயர்ந்த பழைய வீடுகளைக் காணலாம். ஒரு பகல் மட்டும் உள்ளவர் இத்திசைகளில் நடப்பதில்லை, ஏனெனில் பட்டியலில் உள்ள இடங்களைத் தவறவிட அவருக்குத் துணிவு வராது.

3. ஐந்து யூரோவை மிச்சப்படுத்த எதை இழப்பது? ‘வெளியிலிருந்து பார்த்தால் போதும்’ என்பது இந்த அறிவுரைகளில் மிகவும் தீங்கானது. வெனிஸின் தனிச்சிறப்பை அறியாமல் சொல்லப்படுவது. உலகின் பெரிய அருங்காட்சியகங்களில் உள்ள ஓவியங்களில் பெரும்பாலானவை எந்தச் சுவருக்காக, எந்தச் சாளரத்தின் ஒளிக்காக வரையப்பட்டனவோ அங்கிருந்து பெயர்க்கப்பட்டவை. வெனிஸில் அவற்றுட் பல இன்னும் தம் இடத்திலேயே இருக்கின்றன. ஃப்ராரி தேவாலயத்தின் தலைமைப் பலிபீடத்துக்கென்று 1516-க்கும் 1518-க்கும் இடையில் டிஷியன் வரைந்த மரியாளின் விண்ணேற்பு, பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அக்காதெமியா ஓவியக்கூடத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டு, 1919-இல் தான் பிறந்த பீடத்துக்கே மீண்டது. நீண்ட நடுக்கூடத்தின் மறுமுனையில், பாடகர் இருக்கைகளைச் சூழ்ந்த கல்வளைவின் ஊடாக அந்தச் சிவப்பு முதலில் தென்படுவதும், நெருங்க நெருங்க உருவங்கள் எழுவதும் டிஷியன் கணக்கிட்டு அமைத்தவை. எந்த அச்சுப்படமும் எந்த வெளிச்சுவரும் அதைத் தருவதில்லை. இதற்கான நுழைவுக் கட்டணம் 5 யூரோ.

எதிர்த்திசையில் நடந்ததையும் எண்ணிப் பார்க்க வேண்டும். ஜோர்ஜோ மஜ்ஜோரே தீவின் துறவியர் மடத்து உணவுக்கூடத்துக்கென்று வெரோனேசே 1563-இல் முடித்த கானா ஊர்த் திருமணம் என்னும் பேரோவியத்தை 1797-இல் நெப்போலியனின் படை எடுத்துச் சென்றது. அது இன்றும் பாரிஸின் லூவ்ர் அருங்காட்சியகத்தில், மோனாலிசாவுக்கு எதிர்ச்சுவரில் உள்ளது. மடத்தின் சுவரில் 2007 முதல் இருப்பது அதன் நுட்பமான நகல். வெனிஸிலிருந்து கொண்டுபோகப்பட்ட ஓவியம் தொங்கும் கூடத்தில் நுழைய ஐந்து யூரோவைப்போலப் பலமடங்கு கொடுக்கத் தயங்காத பயணி, வெனிஸிலேயே தங்கிவிட்ட ஓவியத்துக்கு ஐந்து யூரோ கொடுக்க வேண்டாம் என்று அறிவுறுத்தப்படுகிறார். இதில் என்ன தர்க்கம் இருக்கிறது?

இலவசமாகக் காணக்கூடியவற்றைக்கூட இந்த அறிவுரை சரியாகச் சொல்வதில்லை. சக்கரியா தேவாலயத்தில் ஜொவான்னி பெல்லினி 1505-இல் வரைந்த பலிபீட ஓவியத்தைக் காணக் கட்டணம் இல்லை. பல்லாடியோ 1566-இல் கட்டத் தொடங்கிய ஜோர்ஜோ மஜ்ஜோரே தேவாலயத்தில், திந்தோரெத்தோ தம் இறுதிக் காலத்தில் தீட்டிய இறுதி இராவுணவைக் காணவும் கட்டணம் இல்லை. இவற்றைச் சொல்லாமல், இலவசம் என்ற பெயரில் பெருமூச்சுப் பாலத்தின் முன் படமெடுத்துக்கொள்ளச் சொல்வது பயணியின் காசைக் காக்கவில்லை, கண்ணைக் கட்டுகிறது. கட்டணம் உள்ளவற்றில் எதைத் தேர்வது என்பதே உண்மையில் சொல்ல வேண்டிய உதவி. அதிபர் மாளிகைக்கு 30 நாள் முன்னதாகப் பதிவுசெய்தால் விலை குறைவு; பணம் ஓர் இடத்துக்கு மட்டுமே போதும் என்ற நிலையில், திந்தோரெத்தோ இருபது ஆண்டுகளுக்கு மேல் உழைத்து அறுபதுக்கும் மேற்பட்ட ஓவியங்களால் கூரையும் சுவரும் நிறைத்த ரோக்கோ சங்க மண்டபத்துக்கு அதைக் கொடுப்பது வீண்போகாது. உப்புநீர் செங்கல்லில் ஏறி அரிக்கும் ஊரில் இக்கட்டணங்கள் பராமரிப்புக்கும் உதவுகின்றன என்பதையும் மறக்கலாகாது.

4. கட்டுச்சோறு எங்கே உண்ணப்படும்? மாற்கு சதுக்கத்திலும் பாலப் படிகளிலும் தேவாலய வாயில்களிலும் அமர்ந்து உண்பதை நகராட்சி விதிகள் தடைசெய்கின்றன. மீறினால் தண்டம் நல்லதொரு மதிய உணவின் விலையைவிட மிகுதி. 2019 கோடையில் ரியால்தோ பாலத்தடியில் கையடுப்பை மூட்டிக் காப்பி தயாரித்த இரு பயணிகளுக்கு 950 யூரோ தண்டம் விதிக்கப்பட்டது. மெஸ்த்ரேயில் அறை வைத்துக்கொண்டு உணவுப் பொட்டலத்துடன் வருபவருக்கு, நகரின் நடுவில் அதை விரித்து உண்ண இடம் கிடைப்பது அரிது.

நகரத்தாரின் வழக்கம் இதைவிட மலிவானது, இதைவிடச் சுவையானதும்கூட. பாக்காரோ எனப்படும் சிறு மதுக்கடைகளில், சிக்கெத்தி எனப்படும் சிறு தின்பண்டங்களை நின்றபடியே உண்பது அங்கே பழைய மரபு. ரொட்டித் துண்டின்மேல் காடியிலும் வெங்காயத்திலும் ஊறிய மத்தி, அரைத்த உலர்மீன், பாலாடைக்கட்டி, காயலின் காய்கறித் தீவான சாந்த் எராஸ்மோவில் விளையும் ஊதா நிறக் கூனைப்பூ என்று அவை இருக்கும். புலால் உண்ணாதவருக்கும் சிலவேனும் கிடைக்கும். மேசையில் அமர்ந்தால் உணவகம் ஆளுக்கு இவ்வளவு என்று சேர்க்கும் கோப்பெர்த்தோ என்ற இருக்கைக் கட்டணம் நின்று உண்பவருக்கு இல்லை. காப்பியையும் நின்று குடித்தால் ஒரு விலை, அமர்ந்தால் வேறு விலை. தெருக்களிலும் சிறு சதுக்கங்களிலும் உள்ள பொதுக்குழாய்களில் வரும் நீர் குடிப்பதற்கு உகந்தது என்பதால் பாட்டில் தண்ணீர் வாங்க வேண்டியதே இல்லை. சமையலறையுள்ள விடுதியில் தங்குபவருக்கு ரியால்தோ காய்கறிச் சந்தை இருக்கிறது. இச்செய்திகள் தெரிந்தவர் பெருநிலத்துப் பேரங்காடியிலிருந்து பொட்டலம் சுமந்துவரத் தேவையில்லை. தெரியாதவரே மாற்கு சதுக்கத்துப் பக்கத்து உணவகத்தில் பசியோடு மாட்டிக்கொண்டு, காலையில் சேமித்ததைப் பிற்பகலில் இழக்கிறார்.

5. செலவு குறைந்ததா, இடம் மாறியதா? இதுவே இம்மறுப்பின் மையம். 1951-இல் ஏறக்குறைய 1,75,000 பேர் வாழ்ந்த தீவுநகரில் 2022-இல் மக்கள்தொகை 50,000-க்கும் கீழே சென்றது. ரியால்தோவை அடுத்த பர்த்தொலொமேயோ சதுக்கத்து மருந்துக்கடை ஒன்றின் கண்ணாடியில் 2008-இல் வைக்கப்பட்ட எண்பலகை எஞ்சிய குடிமக்களின் எண்ணிக்கையைத் தெருவில் போவோருக்கெல்லாம் காட்டி வந்தது. 2023-இல் சுற்றுலாப் பயணிகளுக்கான படுக்கைகளின் எண்ணிக்கை குடியிருப்போரின் எண்ணிக்கையைத் தாண்டிவிட்டது. இந்தச் சிறு மக்கள்தொகைதான் பெரும்பான்மையினர் இரவு தங்காதே செல்லும் பயணியர் பெருவெள்ளத்தைத் தாங்குகிறது.

அந்நகரில் ஒவ்வொரு பொருளும் படகில் வந்து, கைவண்டியில் ஏறி, படிகளில் தூக்கப்பட்டுக் கடையை அடைகிறது. ஒவ்வொரு குப்பைப் பையும் அதே வழியில் திரும்பிப் போகிறது. வெனிஸின் விலைகள் கூடுதலாக இருப்பதற்கான முதற்காரணம் இதுவே. பேராசை மட்டும் காரணமன்று. இரவு தங்குபவர் தங்கல் வரி செலுத்தி இச்சுமையில் ஒரு பங்கை ஏற்கிறார். காலையில் வந்து மாலையில் போகிறவர் கழிப்பிடத்தையும் குப்பைத்தொட்டியையும் படகுத்துறையையும் பயன்படுத்துகிறார். நகருக்கு அவர் விட்டுச்செல்வது பெரும்பாலும் ஒரு காந்தப் பொம்மையின் விலை. 2024-இன் 29 கட்டண நாள்களில் வசூலான ஏறத்தாழ 24 லட்சம் யூரோ, அதற்கு முன் பல பத்தாண்டுகள் பகற்பயணியர் இச்சுமையில் பங்கேற்காமலே வந்துபோயினர் என்பதைத்தான் காட்டுகிறது. பகற்பயணியை நம்பும் கடை முகமூடியும் கைப்பையும் விற்கலாம். அவருக்குத் தச்சரும் செருப்புத் தைப்பவரும் மளிகைக்கடையும் வேண்டியதில்லை. ஆகவே அவை மூடப்படுகின்றன, அவற்றை நம்பி வாழ்ந்தோர் மெஸ்த்ரேக்குக் குடிபெயர்கின்றனர். பயணி மிச்சப்படுத்தியதாக எண்ணும் தொகை மறைந்துவிடவில்லை; அது அக்குடும்பங்களின் கணக்கில் பற்றாக எழுதப்படுகிறது.

இதற்கு எதிராக வலுவான ஒரு வாதம் எழும். நகருக்குள் தங்கச் சொல்வது குடியிருப்புகளைக் குறுகியகால வாடகை வீடுகளாக மாற்றுவதைத் தூண்டாதா? அதுவே மக்களை வெளியேற்றும் முதன்மைக் காரணம் ஆயிற்றே? கேள்வி நியாயமானது, விடை, எங்கே தங்குவது என்பதோடு எதில் தங்குவது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்பதே. ஒரு குடும்பம் வாழக்கூடிய முழு வீட்டை நாள்வாடகைக்கு எடுப்பது உண்மையிலேயே தவிர்க்கப்பட வேண்டியது. ஆனால் வெனிஸில் துறவியர் இல்லங்கள் நடத்தும் விருந்தினர் விடுதிகள் உள்ளன. இரவில் குறித்த நேரத்துக்குள் திரும்ப வேண்டும், அறைகள் எளியவை, வாடகை நட்சத்திர விடுதிகளைவிடக் குறைவு. ஜூதெக்கா தீவில் பழைய தானியக் கிடங்கொன்றில் இளைஞர் விடுதி உள்ளது. குடும்பங்கள் தாமே நடத்தும் சிறு தங்குமிடங்களும் உள்ளன. 2025 முதல் இத்தாலியில் எல்லாக் குறுகியகாலத் தங்குமிடங்களும் தேசிய அடையாள எண் பெற்று அதை விளம்பரத்தில் காட்ட வேண்டும். அந்த எண் இல்லாத இடத்தைத் தவிர்ப்பது பயணியால் உடனே செய்யக்கூடியது. செலவைக் குறைக்க விரும்புவோருக்குக் கையேடுகள் தர வேண்டிய முகவரிகள் இவையே.

6. மலிவு நினைவுப்பொருள் மலிவானதன்று. கண்ணாடி உலைகளைத் தீவிபத்துக்கு அஞ்சி 1291-இல் முரானோ தீவுக்கு மாற்றியது வெனிஸ் குடியரசு. அன்றுமுதல் அத்தொழில் அங்கேயே வாழ்கிறது. நகரின் நடுவே சில யூரோவுக்குக் குவித்து விற்கப்படும் மணிகளிலும் விலங்குப் பொம்மைகளிலும் பெரும்பகுதி அத்தீவைக் கண்டதே இல்லை. வெனெத்தோ மாநிலம் 1994-இல் சட்டத்தால் உருவாக்கிய முரானோ கலைக்கண்ணாடி முத்திரை இதற்காகவே இருக்கிறது. முரானோவுக்கு ‘இலவசப் படகு’ என்று விடுதிகளில் சொல்லப்படுவதை ஏற்பவர் விற்பனைக்கூடத்தில் இறக்கப்பட்டு, வாங்காமல் திரும்புவதற்கு வெட்கப்படும் நிலைக்குத் தள்ளப்படுகிறார். பொதுப்படகில் தாமே சென்று, 1861-இல் நிறுவப்பட்ட கண்ணாடி அருங்காட்சியகத்தைக் கண்டு வருவது பணத்துக்கும் மதிப்புக்கும் நல்லது. கொந்தோலாப் படகுக்கும் இதுவே பொருந்தும்: அரைமணிப் பயணத்துக்கு நகராட்சி வகுத்த பகற்கட்டணம் 90 யூரோ, அது கட்டுப்படியாகாதவர் பெருங்கால்வாயைக் குறுக்கே கடத்திவிடும் திராகெத்தோ என்னும் பொதுத் தோணியில் 2 யூரோவுக்கு ஏறலாம்.

7. மிகப்பெரிய சேமிப்பு ஏன் கையேடுகளின் கடைசி வரியில் ஒளிந்துள்ளது? வெனிஸில் செலவைத் தீர்மானிப்பது எந்தத் தெருவில் தங்குகிறோம் என்பதைவிட எந்த மாதத்தில் தங்குகிறோம் என்பதே. நவம்பரிலும், கிறிஸ்துமஸ் காலம் கழிந்து முகமூடித் திருவிழா தொடங்கும்வரை உள்ள சனவரியிலும் தீவுநகருக்குள்ளேயே வாடகை கோடைக்காலத்தோடு ஒப்பிட முடியாத அளவுக்கு இறங்குகிறது. குளிரும் மூடுபனியும் உண்டு; ஆக்குவா ஆல்தா எனப்படும் ஓதப்பெருக்கின் பருவமும் அதுவே. 2019 நவம்பர் 12 அன்று நீர் 187 சென்டிமீட்டர் உயர்ந்து நகரைச் சிதைத்தது உண்மை. ஆனால் கடல்வாய்களில் 78 நகரும் மதகுகளைக் கொண்ட மோசே என்னும் தடுப்பணை 2020 அக்டோபர் 3 முதல் இயங்கி, பெரிய ஓதங்களைக் காயலுக்கு வெளியே நிறுத்துகிறது. எஞ்சிய சிறு வெள்ளத்துக்கு நீளக் காலணி போதும்.

தமிழ்நாட்டுக் குடும்பங்களுக்கு இங்கு உண்மையான இடர் உண்டு. பள்ளி விடுமுறை ஏப்ரல், மே மாதங்களில் வருகிறது. வெனிஸின் கட்டண நாள்கள் குவிந்திருப்பதும் ஏப்ரல் முதல் ஜூலை வரையிலான வார இறுதிகளிலேயே. அவர்கள் மாதத்தை மாற்ற இயலாது. ஆனால் வாரநாளைத் தேர்வது இயலும். செவ்வாய் முதல் வியாழன் வரை நகரில் இரு இரவுகள் தங்கும் குடும்பம், சனிக்கிழமை மெஸ்த்ரேயிலிருந்து வரும் குடும்பத்தைவிட நெரிசலிலும் பெரும்பாலும் வாடகையிலும் குறைந்த சுமையே தாங்கும்.

‘இரு இரவுகளுக்குப் பணமுள்ளவர் பேசும் பேச்சு இது’ என்ற குற்றச்சாட்டு எஞ்சியிருக்கிறது. அதற்கு விடை எளிது: கூடுதல் பணம் கேட்கப்படவில்லை, நகரங்களின் எண்ணிக்கையைக் குறைக்கவே கேட்கப்படுகிறது. பத்து நாளில் ஏழு நகரங்களைத் தொடும் பயணத்தில் மிகுந்த செலவு இடம்விட்டு இடம் மாறுவதில்தான் போகிறது. ரயிலும் பேருந்தும் சுமையறையும், ஒவ்வோர் ஊரிலும் புதிதாக வாங்கும் ஒருநாள் சீட்டுமாக அது வழிந்தோடுகிறது. ஏழு நகரங்களை மூன்றாக்கினால் அதே பணத்தில் வெனிஸில் மூன்று இரவுகள் எளிய விடுதியில் தங்க முடியும். எண்ணிக்கையைப் பெருக்கிச் சொல்வதில் முகவருக்கு வணிக இலாபம் உண்டு. பயணிக்கு அப்படியோர் இலாபமும் இல்லை.

அதற்கும் வழியில்லாமல் உண்மையிலேயே ஒரே ஒரு பகல்தான் கையில் இருக்கிறது என்பவர் வெனிஸைப் பின்னொரு பயணத்துக்கு விட்டுவைத்து, அந்தப் பகலை ரயிலில் அரைமணித் தொலைவிலுள்ள பதுவாவுக்குக் கொடுக்க வேண்டும். ஜொத்தோ ஏறத்தாழ 1305-இல் சுவரோவியங்களால் நிறைத்த ஸ்க்ரோவேஞ்ஞி சிற்றாலயம் அங்குள்ளது. 1222-இல் தோன்றி, கலீலியோ பதினெட்டு ஆண்டுகள் கற்பித்த பல்கலைக்கழகமும், 1545-இல் நிறுவப்பட்ட தாவரவியல் தோட்டமும் நடந்து செல்லும் தொலைவில் உள்ளன. ஒரு பகலில் நேர்மையாகக் கண்டு முடிக்கக்கூடிய நகரம் அது. சிற்றாலயத்துக்குள் ஒருமுறைக்கு 25 பேர் வரை மட்டுமே அனுமதிக்கப்படுவதால், முன்பதிவு செய்துகொண்டே புறப்பட வேண்டும்.